பாட்டு விற்ற தீவு – 5: பட்டாளம் விட்டுப்போன எந்திரம்

(முன்கதை: 1935-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்குத் துளையிட்டபோது பழுப்பாக ஒரு பொருள் மேலே வந்தது. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். குவார்ட்டர்ஸ்கள் எழும்பின, வீட்டுக்கு வீடு ரேடியோப் பெட்டி வந்தது. தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டி இந்திய அரசின் அனுமதியோடு வாங்கிய பெட்டி அது. ஆனால் அதன் முள் போய் நின்ற இடம் இந்தியாவிலேயே இல்லை!)

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நடக்கவே கூடாத காரியம். நெய்வேலிக்கு நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டரில் திருச்சி நிலையம் 1939 முதல் பேசிக்கொண்டிருந்தது. சுமார் 190 கிலோமீட்டரில் சென்னை நிலையம், 1938 முதல். இரண்டும் நம் அரசாங்கத்துடையவை, நல்ல தமிழ் பேசியவை, பெரிய வித்வான்களைப் பாடவைத்தவை. முள் போய் நின்ற கொழும்போ கடலுக்கு அந்தப் பக்கம், ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

பக்கத்து வீட்டுக் குரல் கேட்காமல் அடுத்த ஊர்க் குரல் கேட்டது எப்படி? விடையைத் தேட நாம் ஒரு போர்க்களத்தின் பின்கட்டுக்குப் போக வேண்டும்.

கண்டிக்கு வந்த தளபதி

1944. ஜப்பான் படைகள் பர்மா வரை வந்துவிட்ட நேரம். தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூங்காவின் மரநிழலில் ராணுவ அலுவலகங்கள் முளைத்தன.

போர்முனையில் இருக்கும் சிப்பாய்க்குத் துப்பாக்கி, ரொட்டி, சிகரெட் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் ஊர்ப் பாட்டும் ஊர்ச் செய்தியும். பர்மாக் காட்டிலும் மலாயா ரப்பர் தோட்டத்திலும் கிடக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக ‘ரேடியோ சீயாக்’ என்ற படை வானொலி தொடங்கப்பட்டது. தென்கிழக்காசியக் கட்டளையகம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே அந்தப் பெயர். அது தீவுக்குள் மட்டும் கேட்டால் போதாது, சிங்கப்பூரைத் தாண்டியும் கேட்க வேண்டும். அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலை என்ற இடத்தில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவினார்கள்.

1925-இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியபோது அதன் வலிமை 1 கிலோவாட் அளவுதான். இருபது ஆண்டில் அந்த ஊருக்கு நூறு மடங்கு வலிமையுள்ள எந்திரம் வந்து சேர்ந்தது. ஆசியாவிலேயே அன்று அதற்கு ஈடானவை அதிகம் இல்லை.

ஆனால் எந்திரம் வந்து, கம்பங்கள் நட்டு, 1946-இல் அது முழு வலிமையோடு பேசத் தொடங்கியபோது யாருக்காகப் பேச வந்ததோ அந்தப் போரே முடிந்திருந்தது. சிப்பாய்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது, 1949-இல் படை வானொலி மூடப்பட்டது. ஏக்கலை எந்திரம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949 அக்டோபர் 1 முதல் ‘ரேடியோ சிலோன்’ தனித் துறையாக இயங்கத் தொடங்கியது.

கேட்கச் சுகமாக இருக்கிறது. கணக்கு எழுதுகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் சங்கடம் தெரியும். அன்றைய இலங்கையின் மக்கள்தொகை ஒரு கோடிகூட இல்லை. 1953 கணக்கெடுப்பிலேயே எண்பது லட்சம் சொச்சம்தான். அதில் ரேடியோ வைத்திருப்பவர்கள் சிறு கூட்டம். அவர்கள் கட்டும் லைசென்ஸ் பணத்தில் 100 கிலோவாட் எந்திரத்துக்கு மின்சாரக் கட்டணம் கட்டுவதா? வால்வு போனால் சீமையிலிருந்து வரவழைப்பதா? ஓட்டினால் செலவு, நிறுத்தினால் அவமானம்.

ஆஸ்திரேலியர் கொண்டுவந்த யோசனை

கொழும்புக்கு ஆலோசகராக வந்து சேர்ந்தவர் கிளிஃபர்ட் டாட். ‘கொழும்புத் திட்டம்’ என்ற உதவித் திட்டத்தின் கீழ் வந்த ஆஸ்திரேலியர். அவர் எந்த நாட்டுக்காரர் என்பது இந்தக் கதையில் முக்கியம். பிரிட்டனில் வானொலி என்றால் பி.பி.சி. ஒன்றுதான், அங்கே விளம்பரம் தீண்டத்தகாத சரக்கு. லண்டன்காரர் ஒருவர் வந்திருந்தால் கொழும்பிலும் ஒரு குட்டி பி.பி.சி.யைத்தான் கட்டியிருப்பார். ஆஸ்திரேலியாவிலோ விளம்பரத்தில் ஓடும் வானொலி நிலையங்கள் 1920களிலிருந்தே இருந்தன. சோப்பும் பாட்டும் ஒரே கடையில் விற்கலாம் என்பது டாட் பழகி வளர்ந்த விஷயம்.

1950 செப்டம்பர் 30 அன்று ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை தொடங்கியது. டாட் அதன் இயக்குநர் ஆனார். லிவி விஜேமான போன்ற உள்ளூர் இளைஞர்கள் அவரிடம் தொழில் கற்றார்கள்.

கடை திறந்தாயிற்று. தெற்காசியா முழுக்கக் கேட்கும் அளவுக்குப் பெரிய குரலும் இருந்தது. ஆனால் இந்தியாவில் இருக்கும் ஒருவர் தன் நாட்டு வானொலியை விட்டுவிட்டுக் கொழும்பைத் திருப்ப ஒரு காரணம் வேண்டுமே?

அந்தக் காரணத்தைக் கொழும்பு உண்டாக்கவில்லை. டெல்லியில் ஒரு மத்திய அமைச்சர், தன் கையாலேயே, இலவசமாகச் செய்துகொடுத்தார்!

அமைச்சருக்குப் பிடிக்காத பாட்டு

பி.வி. கேஸ்கர் 1952-இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். பத்து ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். இந்துஸ்தானி சங்கீதம் பயின்றவர். ராஜாக்களும் ஜமீன்தார்களும் போய்விட்டார்கள், இனி சங்கீத வித்வான்களைத் தாங்க வேண்டியது அரசாங்க வானொலிதான் என்று உறுதியாக நம்பியவர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அகில இந்திய வானொலியின் சம்பளத்தில் எத்தனையோ நாதஸ்வரக்காரர்களும் வீணைக்காரர்களும் பிழைத்தார்கள். வானொலிச் சங்கீத சம்மேளனம் போன்ற நல்ல காரியங்களும் அவர் காலத்தில் நடந்தன.

ஆனால் சினிமாப் பாட்டு என்றால் அவருக்கு ஆகாது. மேல்நாட்டு மெட்டைக் காப்பியடித்த மலிவுச் சரக்கு என்பது அவர் எண்ணம். வானொலியில் சினிமாப் பாட்டு ஒலிக்கும் நேரம் சுருங்கியது. பாட்டைப் போட்டாலும் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும் என்று விதி வந்தது. படத் தயாரிப்பாளர்கள் கொதித்தார்கள். எங்கள் படத்தின் பெயரைச் சொல்லாத வானொலிக்கு எங்கள் பாட்டு எதற்கு என்று ஒலிபரப்பும் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். அமைச்சர் இறங்கி வரவில்லை. நாட்டில் சந்து பொந்தெல்லாம் முணுமுணுத்த பாட்டு, நாட்டின் வானொலியில் மட்டும் இல்லாமல் போனது.

டாட் இதற்காகத்தான் காத்திருந்தார் என்று சொல்ல முடியாது. வந்த வாய்ப்பை அவர் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். கொழும்புக்காக விளம்பரம் பிடிக்கும் நிறுவனம் பம்பாயில் சுறுசுறுப்பானது. அங்கே நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள், ஒலிநாடா விமானத்தில் கொழும்பு போனது, அங்கிருந்து அலையேறி அதே பம்பாய்க்குத் திரும்பி வந்தது. 1952 டிசம்பரில் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. பற்பசைக் கம்பெனியின் பணம், அமீன் சயானியின் குரல், ஏக்கலையின் எந்திரம். வடக்கே புதன்கிழமை இரவுகள் கொழும்புக்குச் சொந்தமாயின.

இந்திக்கு இது சரி. தமிழுக்கு?

மயில்வாகனன் வருகிறார்

தமிழ் வர்த்தக சேவையின் முகவரியாக 1950களில் எழுந்த பெயர் எஸ்.பி. மயில்வாகனன். அவருக்கு முன்னும் தமிழில் அறிவிப்பாளர்கள் இருந்தார்கள். ஆனால் ரேடியோவில் பேசுவது என்றால் பாடப் புத்தகத்தை நிறுத்தி நிதானமாக வாசிப்பது என்றிருந்த காலத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதுபோல வேகமும் சிரிப்புமாகப் பேசியவர் அவர். அறிவிப்பாளரின் பெயரை ஊர் தெரிந்துவைத்திருப்பதும், நடிகருக்கு எழுதுவதுபோல அவருக்குக் கடிதம் எழுதுவதும் தமிழ்நாட்டுக்குப் புதிய பழக்கம்.

விற்பனையும் வளர்ந்தது. பல்பொடி, சோப்பு, தைலம், சத்துமாவு ஆகியவற்றோடு புதுப்படங்களும் சேர்ந்தன. சென்னையில் படம் எடுத்தவருக்குத் தமிழ்நாடு முழுக்கத் தன் படத்தின் பெயரைச் சொல்ல இருந்த வானொலி, வெளிநாட்டில் இருந்தது! கோபால் பல்பொடி விளம்பரத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பெரியவர்களை இன்றும் பார்க்கலாம். பாட்டுக்காகத் திருப்பியவர் காதில் பல்பொடியும் தானாக ஏறிக்கொண்டது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்காமல் போகக் கூடாது. 1956-இல் இலங்கை நாடாளுமன்றம் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கியது. 1958-இல் கலவரம் வெடித்துத் தமிழர்கள் உயிருக்குப் பயந்து ஓடினார்கள். சட்டப் புத்தகத்தில் தமிழுக்கு இடம் குறைந்துகொண்டே வந்த அதே ஆண்டுகளில், டொரிங்டன் சதுக்கத்தில் இருந்த வானொலி நிலையத்தில் தமிழின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. கடலுக்கு அப்பால் மூன்று கோடித் தமிழர்கள் இருந்தார்கள். அவர்கள் சோப்பு வாங்குகிறவர்கள். அரசியல்வாதிக்கு வாக்கு வேண்டும், வர்த்தக சேவைக்கு வாடிக்கையாளர் வேண்டும். தமிழ் ஒலிவாங்கி அணையாமல் இருந்ததற்கு அன்பைவிட இந்தக் கணக்கு பெரிய காரணம். இந்தத் தொடர் முழுக்க நாம் பின்தொடரப் போகும் நூலும் இதுதான்.

பிளாக்குகளில் பாட்டு

இப்போது நெய்வேலிக்குத் திரும்புவோம்.

நேரு தொடங்கிவைத்த பள்ளத்தில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நிலக்கரிக்கு அடியில் இருந்த ஊற்று நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டு வந்ததால் இரவு பகல் ஓயாமல் பம்புகளால் இறைத்துக்கொண்டே வெட்ட வேண்டியிருந்தது. ஜெர்மனியிலிருந்து பக்கெட் வீல் எந்திரங்கள் வந்தன, சோவியத் உதவியோடு அனல்மின் நிலையம் எழுந்தது. 1962-இல் அதன் முதல் யூனிட் மின்சாரம் தந்தது.

மின்சாரத்துக்கும் நம் கதைக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. அன்றைய வால்வு ரேடியோ பெரும்பாலும் கரண்டில்தான் ஓடும். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ ஒன்று இருந்தாலே பெரிய விஷயம். நகரியத்துக் குவார்ட்டர்ஸ் பிளாக்குகளிலோ விளக்கும் உண்டு, மாதச் சம்பளமும் உண்டு. மர்பியோ பிலிப்ஸோ தவணையில் வந்து முன்னறை மேசையில் உட்கார்ந்தது. மேலே வீட்டம்மாவின் எம்பிராய்டரி போட்ட துணி. கூரையிலிருந்து ஏரியல் கம்பி, ஜன்னல் வழியே மண்ணுக்குள் எர்த் கம்பி. சுவிட்சைப் போட்டதும் பேசாது. வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும். பச்சைக் கண் மெல்ல ஒளிரும். முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். பீக்கிங்கும் மாஸ்கோவும் அராபியும் கடந்து, கரகரப்புக்கு நடுவே திடீரென்று ஒரு தமிழ்க் குரல் தெளியும். கையை எடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் யாரும் அதன்பின் அந்தத் திருகைத் தொடக் கூடாது.

தொலைவில் இருக்கும் கொழும்பு ஏன் இத்தனை தெளிவாகக் கேட்டது? சிற்றலை தரையோடு தரையாகத் தவழ்வதில்லை. வானத்துக்குப் போய், அங்கே சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். பக்கத்தில் இருப்பவரின் தலைக்கு மேலே தாவிப்போய்த் தூரத்தில் இருப்பவரின் காதில் விழும். பொழுது சாய்ந்தால் அந்த மண்டலத்தின் குணம் மாறும். பகலில் நன்றாகக் கேட்ட மீட்டர் அலைவரிசை இரவில் மங்கும், வேறொரு மீட்டர் துலங்கும். 25, 31, 41 என்ற எண்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமானதற்கு இதுதான் காரணம். பாட்டின் நடுச்சரணத்தில் குரல் மெலிந்து போய், பல்லவிக்குத் திரும்பி வரும். இடையில் தொலைந்த வரியை வீட்டில் யாராவது பாடி நிரப்பிவிடுவார்கள்.

சுரங்கத்துக்கு ஷிப்ட் மூன்று. ஆகவே கேட்கும் நேரமும் ஆளுக்கு ஆள் வேறு. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்க வந்தவர் ஒலியைக் குறைக்கச் சொல்வார், முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவர் கூட்டுவார். இந்த ஊருக்குச் சொந்த ஊர்க்காரர் என்று பெரும்பாலும் யாரும் கிடையாது. திருநெல்வேலிக்காரர் பக்கத்தில் பாலக்காட்டுக்காரர், அடுத்த வீடு ஆந்திரா, எதிர் வரிசையில் வங்காளி. சென்னை நிலையம் சென்னைக்கும் திருச்சி நிலையம் காவிரிக்கரைக்கும் சொந்தம் கொண்டாடியது. யாருக்கும் சொந்தமில்லாத புது ஊருக்கு, எல்லோருக்கும் சமதூரத்தில் இருந்த ஒரு நிலையம் வசதியாகவே இருந்தது. போதாததற்கு டிரான்சிஸ்டர் வந்தது. தோல் உறைக்குள் தோளில் தொங்கிய அது, கரண்டு வராத வடக்குத்துக்கும் வடலூர் சாலையோர டீக்கடைக்கும் அதே பாட்டைச் சுமந்துபோனது.

டெல்லி விழிக்கிறது

டெல்லி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கியது. நேரு நெய்வேலிக்கு வந்துபோய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. சினிமாப் பாட்டை விரட்டிய அதே அமைச்சரின் காலத்திலேயே சினிமாப் பாட்டு பின்வாசல் வழியே வீட்டுக்குள் திரும்பியது.

ஆனாலும் கொழும்பு அசையவில்லை. காரணம் எளிது. விவித் பாரதி பாட்டைக் கொடுத்தது, கடையை நடத்தவில்லை. விளம்பரம் செய்ய விரும்பிய கம்பெனிக்குப் போக இடம் கொழும்பு ஒன்றுதான். கம்பெனிப் பணம் இருக்கும்வரை கொழும்பால் நல்ல நேரத்தில், நல்ல குரலில், பரிசுப் போட்டியோடு பாட்டைத் தர முடிந்தது. இந்தியச் சோப்பு வாங்கும் இந்தியருக்காக இந்தியக் கம்பெனி கொடுத்த பணம் ஆண்டுதோறும் கடல் தாண்டிப் போனது. அந்நியச் செலாவணிக்கு நாடு தவித்துக்கொண்டிருந்த காலம் அது. வானொலியை ஆராய அமைந்த சந்தா குழு 1966-இல் அறிக்கை தந்தது. அகில இந்திய வானொலியிலும் விளம்பரம் வரட்டும் என்றது அந்தக் குழு.

பிறகு 1967 பிறந்தது. சென்னையில் ஆட்சி மாறிய ஆண்டாக அதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். காற்றலைகளில் அதே ஆண்டு மூன்று தேதிகளில் மூன்று காரியங்கள் நடந்தன.

ஜனவரி 5. ரேடியோ சிலோன் அரசுத் துறை என்ற சட்டையைக் கழற்றி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. இனி வருவாயைப் பற்றிய கேள்விக்குக் கூட்டுத்தாபனமே பதில் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 23. புதுச்சேரியில் அகில இந்திய வானொலியின் புதிய நிலையம் திறக்கப்பட்டது. நெய்வேலிக்கு நேர்கோட்டில் அறுபது கிலோமீட்டருக்குள், திருச்சிக்கும் சென்னைக்கும் முன்னால், ஓர் இந்தியக் குரல்.

நவம்பர் 1. பம்பாய், புனே, நாகபுரியில் விவித் பாரதி முதல்முறையாக விளம்பரம் ஒலிபரப்பியது. பதினேழு ஆண்டுகள் கொழும்புக்கு மட்டுமே இருந்த கடைக்கு எதிர்க்கடை திறந்தாயிற்று. அடுத்து சென்னையும் திருச்சியும்தான் என்பது கொழும்பில் எல்லோருக்கும் தெரிந்தது.

கூட்டுத்தாபனம் ஆகி ஓர் ஆண்டு முடிவதற்குள் வருமானத்தின் வேரில் கோடாரி. நியாயப்படி இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். இந்திப் பக்கத்தில் அதற்கான அறிகுறிகளும் தெரியத் தொடங்கின. கொழும்பு வழியே போய்க்கொண்டிருந்த பம்பாய்ப் பணத்துக்கு இப்போது வீட்டு வாசலிலேயே வழி இருந்தது.

ஆனால் அதே கட்டடத்தில், பக்கத்து ஒலிப்பதிவுக் கூடத்தில், நடந்தது தலைகீழ். சென்னையிலும் திருச்சியிலும் விளம்பரம் வந்த பிறகு, புதுச்சேரி நிலையம் பக்கத்திலேயே முழங்கிக்கொண்டிருந்தபோது, எழுபதுகளில்தான் கொழும்புத் தமிழ் சேவை அதுவரை தொடாத உச்சத்தைத் தொட்டது. பாட்டும் இங்கேயே கிடைத்தது, விளம்பரமும் இங்கேயே கிடைத்தது. அப்படியிருந்தும் நெய்வேலி பிளாக்குகளில் முள் தெற்கே இருந்து நகர மறுத்தது.

டெல்லியிடம் இல்லாத எந்தச் சரக்கை அப்போது கொழும்பு கையில் எடுத்தது? அதைக் கையில் எடுத்த அந்தப் புதிய தலைமுறைக் குரல்கள் யாருடையவை?

(அடுத்த வாரம்: ‘உங்கள் பெயர் ரேடியோவில்!’)

— தொடரும்